ஐம்பதுக்குக் கீழே

பொன்னுச்சாமி இறந்த மூன்றாவது மாதம் அவர் மனைவி இருளம்மாள் சோலார் கடைக்குப் போன் செய்து, வீட்டிலிருக்கும் பன்னிரண்டு பேட்டரிகளில் தனக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னாள். "நான் ஒருத்திதான் இருக்கேன், எனக்கு எதுக்கு இம்புட்டு" என்றாளாம். கடைக்காரர் ஸுஹைர் அதை அப்படியே உமாமகேஸ்வரியிடம் சொல்லி, "நீ காலைல போய், இப்ப என்னென்ன ஓடும்னு கேட்டு லோடு எடுத்து, எத்தனை போதும்னு பாத்து வை. மத்தியானம் நான் வண்டியக் கொண்டாரேன்" என்றார்.

உமா சரி என்றாள். நவம்பரிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் இருந்த அந்தக் கடையில் அவள் சேர்ந்து ஒன்பது வருஷம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள். கரண்டுக் கம்பம் எட்டாத தோப்பு வீடு, காட்டு வீடு, இறால் பண்ணைக் கொட்டகை என்று தேடிப் போய், அங்கே என்னென்ன ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுக் குறித்து, இத்தனை பேனல், இத்தனை பேட்டரி என்று சொல்வது அவள் வேலை. பேனல் பகலில் சம்பாதிக்கும். பேட்டரி அதை இரவுக்கும் மழைக்கும் எடுத்து வைக்கும். எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பதில் உமா சொன்னால் சரியாக இருக்கும் என்று சிக்கல், கடலாடி, ஏர்வாடி வட்டாரத்தில் பெயர் இருந்தது.

பொன்னுச்சாமி வீட்டுக்கு அவள் முதலில் போனது அவர் இறப்பதற்கு முந்தைய ஏப்ரலில். சிக்கல் விலக்கிலிருந்து தெற்கே ஆறு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், நடுவே மண்பாதை, அது முடிகிற இடத்தில் நாலு ஏக்கர் மிளகாய்க் காடும் ஓட்டு வீடும். கம்பம் நட வேண்டிய வரப்பு பங்காளியின் பட்டாவில் இருந்தது. அவர் விடவில்லை. கோர்ட்டில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் விளக்கு எரியவில்லை. அதுவரை அவர்கள் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. பொன்னுச்சாமி முப்பது வருஷம் கரிமூட்டம் போட்டவர். கருவேலங் கட்டையை அடுக்கி மண் பூசித் தீ வைத்து, புகையோடு புகையாகக் கிடந்து கரி எடுத்தவர். அந்தப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது. நாளைக்குப் பதினைந்து மணி நேரமாவது ஆக்சிஜன் மிஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் ராமலெட்சுமி பரமக்குடியில் இருந்தாள். அங்கே வந்துவிடச் சொன்னாள். காட்டை விட்டு வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால்தான் சோலார் பேச்சே வந்தது.

உமா அன்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மிஷின் முந்நூறு வாட், பதினைந்து மணி நேரம்: நாலரை யூனிட். விளக்கு, மின்விசிறி, டி.வி., மிக்ஸி எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்வெர்ட்டர் தின்கிற சேதாரத்தையும் சேர்த்தால் நாளைக்கு ஆறு யூனிட். இரண்டு நாள் வெயிலே அடிக்காவிட்டாலும் தாங்க வேண்டும் என்றால் பன்னிரண்டு. பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆகவே இருபத்துநாலு. ஒரு பேட்டரிக்கு இரண்டு புள்ளி நாலு யூனிட் என்று வைத்தால், பத்து பேட்டரி. ஆனால் இந்த இன்வெர்ட்டருக்கு நாலு நாலாகத்தான் கோக்க முடியும். எட்டு போட வேண்டும், இல்லையென்றால் பன்னிரண்டு.

"எட்டு போதும் உமா" என்றார் ஸுஹைர் போனில்.

"மூச்சு விடுற மிஷின் பாய். பன்னெண்டு போட்டுருவோம்" என்றாள் அவள்.

பன்னிரண்டு போட்டார்கள். வேலை முடிந்த அன்று பொன்னுச்சாமியை இன்வெர்ட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, திரையில் தெரியும் எண்ணைக் காட்டினாள்.

"இது பேட்டரியில எவ்வளவு இருக்குன்னு காட்டும் அய்யா. இப்ப நூறு. ராத்திரி மிஷின் ஓட ஓடக் குறையும், காலைல வெயில் ஏறினதும் கூடும். இது மட்டும் ஐம்பதுக்குக் கீழ போகக் கூடாது. போனா பேட்டரி கெட்டுரும்."

"ஐம்பது" என்றார் அவர். மூக்கில் குழாயோடு பேசுவதால் குரல் உள்ளடங்கி வந்தது.

"ஆமா அய்யா."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் பெரிதாக 50 என்று எழுதினார். எழுதி முடித்து இரண்டு எட்டு தள்ளி நின்று பார்த்தார். உமாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு ஆள் எல்லா வீட்டிலும் இருந்தால் பேட்டரி பத்து வருஷம் வரும் என்று இருளம்மாளிடம் சொன்னாள்.

ஒன்றை அவள் சொல்லவில்லை. ஐம்பதுக்குக் கீழேயும் மிஷின் ஓடும். இருபது வரைக்கும் ஓடுகிற மாதிரி இன்வெர்ட்டரில் அவள்தான் வைத்திருந்தாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பாள். ஆனால் அப்படி ஒரு மிச்சம் இருப்பதை வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது கடையின் பழக்கம். சொன்னால் கிரைண்டரையும் அயர்ன் பாக்ஸையும் போட்டு தினமும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள், இரண்டு வருஷத்தில் பேட்டரி போய்விடும், அப்புறம் கடையில் வந்து நிற்பார்கள். ஒன்பது வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. நாலு நாள் சூரியனைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாவது நாள் விடியற்காலையில் பொன்னுச்சாமி இறந்துபோனார். அவசரத்துக்கு என்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் டவுனில் நிரப்பக் கொடுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது. கண்மாய் மறுகால் பாய்ந்து மண்பாதை மூழ்கிக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் விலக்கிலேயே நின்றுவிட்டது. துஷ்டி கேட்கப் போய்வந்த யாரோ ஸுஹைரிடம் சொன்னார்கள்: மழையில பேட்டரி தீந்து மிஷின் நின்னுபோச்சாம்.

அந்த வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உமாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பன்னிரண்டு பேட்டரி நாலு நாளில் எப்படித் தீரும் என்று அவள் நோட்டை எடுத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். மேகமூட்டத்திலும் பேனல் கொஞ்சமாவது கொடுக்கும். அதையும் சேர்த்தால் தீரக் கூடாது. ஒருவேளை வீட்டில் வேறு ஏதாவது ஓட்டியிருப்பார்கள், ஒருவேளை ஏதாவது வயர் தளர்ந்திருக்கும், ஒருவேளை மூன்று நாளுக்குப் போட்டிருக்க வேண்டும். பத்து நாளில் அந்தக் கணக்கைப் பார்ப்பதை நிறுத்தினாள். அதோடு வேறு சிலதும் நின்றுபோயின. ஒரு நாள் மீன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டு, அதையே சோற்றில் பிசைந்து பாதி சாப்பிட்டிருந்தாள். அவள் கணவன் தங்கப்பாண்டி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, "உனக்குத் தெரியலையா" என்று கேட்டான். அவள் இன்னொரு வாய் தின்று பார்த்தாள். தெரியத்தான் செய்தது. அதற்கு என்ன செய்வது என்று தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றான். சரி என்றாள். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது மாசி மாதம். ஸ்கூட்டியை வேலிப் படலுக்கு வெளியே நிறுத்தும்போதே களத்தில் மிளகாய்ப்பழம் காய்கிற நெடி மூக்கில் ஏறியது. குண்டு மிளகாய், முதல் எடுப்பு. இருளம்மாள் தலையில் துண்டோடு வந்து படலைத் திறந்தாள்.

"வா தாயி. வெயில்ல வந்திருக்க. மோர் தரவா?"

"வேண்டாம்மா. வேலையப் பாத்துர்றேன்."

"பாரு. நான் இங்கனதான் இருப்பேன்."

உமா துக்கம் கேட்கவில்லை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். வந்து சேர்ந்தபோது அந்த வாக்கியம் கையில் இல்லை. நோட்டை விரித்தாள்.

"விளக்கு எத்தனை எரியும்மா?"

"அடுப்படில ஒண்ணு. இங்கன ஒண்ணு. எட்டு மணிக்கு அமத்திருவேன்."

"ஃபேன்?"

"ராவைக்கு."

"டி.வி.?"

"அவுகதான் பாப்பாக. நான் போடுறதில்ல. ராமலெட்சுமி வந்தா போடுவா. எழுதிக்க."

"மிக்ஸி, போன் சார்ஜர் வச்சுக்கிறேன்." உமாவின் பேனா அடுத்த வரிக்கு வந்தது. பழைய படிவத்தைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். அதில் ஐந்தாவது வரி மிஷின். அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். இருளம்மாள் அதைப் பார்த்தாள்.

கூட்டினால் முக்கால் யூனிட்கூட வரவில்லை. இரண்டு பேட்டரியே அதிகம். ஆனால் நாலுக்குக் குறைந்து கோக்க முடியாது. நாலு இருந்தால் ஏழு நாள் வெயில் இல்லாவிட்டாலும் இந்த வீடு தாங்கும்.

"நாலு இருக்கட்டும்மா. எட்டை எடுத்துக்கிறோம்."

"எத்தனையோ. நீ சொன்னாச் சரி" என்றாள் இருளம்மாள்.

கழற்றுவதற்கு முன்னால் இன்வெர்ட்டரில் பதிவாகியிருப்பதை லேப்டாப்பில் எடுத்து வைப்பது வழக்கம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லோடு எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று அது தானாகக் குறித்துக்கொண்டே இருக்கும். உமா வயரைச் சொருகினாள். நவம்பர் மாதத்தைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறந்தாள்.

மழையின் முதல் நாள் எண்பத்து மூன்று. இரண்டாம் நாள் அறுபத்தெட்டு. அவள் போட்ட கணக்கு எப்படி இறங்க வேண்டுமோ அப்படியே இறங்கியிருந்தது. வேறு எதையும் அவர்கள் ஓட்டவில்லை. எந்த வயரும் தளரவில்லை. நாலாம் நாள் மாலை ஏழு மணிக்கு ஐம்பத்தொன்று. ஏழு ஐம்பதுக்கு ஐம்பது. அடுத்த ஐந்தாவது நிமிஷம் லோடு முந்நூற்று நாற்பதிலிருந்து நாற்பதுக்கு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு இரவு முழுவதும் நாற்பது. விடியும்போது பேட்டரி நாற்பத்தெட்டில் நின்றது. காலை பத்து மணிக்கு வெயில் வந்து மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது.

இன்வெர்ட்டர் அணையவே இல்லை. யாரோ கையால் மிஷினை மட்டும் அணைத்திருந்தார்கள்.

உமா திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது சுவரில் அந்தக் கரி எழுத்து இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள். இருளம்மாள் களத்தில் மிளகாயைக் காலால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு மிஷின யார் நிறுத்துனது?"

இருளம்மாள் நின்றாள். "அவுகதான்" என்றாள்.

"எப்ப?"

"பொழுது சாஞ்சு விளக்கு வச்சு கொஞ்ச நேரம் இருக்கும். ரெண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு முன்னாலதான் உக்காந்திருந்தோம். மழை பிடிச்சதுல இருந்து அதுதான் வேலை. ஐம்பத்தொண்ணுன்னு நின்னுச்சு. அவுக அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஐம்பதுன்னு மாறுச்சு. குழாயக் கழட்டி வச்சிட்டு எந்திரிச்சுப் போய் மிஷின அமத்துனாக. ஏன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்குல்ல, காலைல வெயில் வரும், ஏறட்டும், பெறகு போட்டுக்கிருவோம்னாக."

"அப்புறம்?"

"அப்புறம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. போடவான்னு கேட்டேன். கைய ஆட்டுனாக. ஒரு தூக்கம் தூங்கி முழிச்சுப் பாத்தேன், உக்காந்தே இருந்தாக, நெஞ்சு மேலயும் கீழயும் போகுது. மறுபடி கேட்டேன். இன்னிக்குப் பேட்டரியக் கெடுத்துட்டா நாளைக்கு என்ன செய்யுறது, நாளன்னைக்கு என்ன செய்யுறதுன்னாக. அது பேச்சாவே இல்ல, வெறும் மூச்சாத்தான் இருந்துச்சு, நாந்தான் காத வச்சுக் கேட்டேன். விடியப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்."

அவள் இதை நிறையப் பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். குரல் ஒரே மட்டத்தில் வந்தது. வந்தவர்கள் எல்லாம் அதைக் கரண்டு தீர்ந்துபோன கதையாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளுக்கும் அது அந்தக் கதைதான்.

சொல்லாமல் போய்விடலாம் என்று உமாவுக்குத் தெரியும். நாலு பேட்டரியைக் கோத்துக் கொடுத்துவிட்டு, எட்டை வண்டியில் ஏற்றிவிட்டுப் போகலாம். லேப்டாப்பை மூடியாகிவிட்டது. இவள் கேட்கப் போவதில்லை. சொல்வதால் யாருக்கு என்ன வரும் என்றும் யோசித்தாள். யோசனை ஒரு இடத்துக்கும் போகவில்லை. ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"பேட்டரில கரண்டு இருந்துச்சும்மா."

"ஐம்பது இருந்துச்சு."

"அந்த ஐம்பதுலயும் ஓடும். மிஷினு மட்டும்னா இருபத்தாறு மணி நேரம் ஓடியிருக்கும். மறுநாள் பத்து மணிக்கு வெயில் வந்துருச்சு."

இருளம்மாள் காலடியில் இருந்த மிளகாயைப் பார்த்தாள். "அப்ப ஐம்பதுன்னியே."

"அது பேட்டரியோட ஆயுசுக்குச் சொன்னது. அதுக்குக் கீழ எறக்கினா அஞ்சு வருஷம் வர்ற பேட்டரி நாலு வருஷம் வரும். அவ்வளவுதாம்மா. ஒரு நாள் ரெண்டு நாள் எறக்கினா பெரும்பாலும் அதுகூட இல்ல, மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு பேட்டரி போகும்."

"அத ஏன் தாயி அவுககிட்டச் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்றதில்ல. மிச்சம் இருக்குன்னு சொன்னா தினமும் எறக்கிருவாங்கன்னு சொல்றதில்ல."

"அவுக எறக்க மாட்டாக" என்றாள் இருளம்மாள். "ஒரு சொல்லு சொன்னா அதுலயே நிப்பாக. கரிமூட்டத்துல ஏழு நாள் திறக்காதன்னு முதலாளி சொன்னா எட்டாம் நாள்தான் திறப்பாக."

பிறகு அவள் களத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் காலால் மிளகாயைத் தள்ளிக்கொண்டே போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். உமா வெயிலில் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். மிளகாய் நெடியில் கண் எரிந்து தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். மூன்று மாதமாகக் கணக்கில் எங்கோ தப்பு என்று நினைத்திருந்தாள். கணக்கில் தப்பு இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அது தெரிந்ததில் ஒரு ஆறுதலும் இல்லை, புதிதாக ஒரு வலியும் இல்லை.

உள்ளே போய் வேலையை ஆரம்பித்தாள். இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனல் வயரைப் பிரித்து, எட்டு பேட்டரிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒரு நட்டு இறுகிப் போயிருந்தது. அதோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். நாலை மட்டும் கோத்து மறுபடி உயிர் கொடுத்தபோது இருளம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் மோர்ச் செம்பு இருந்தது.

"நீ இத சொல்லாமப் போயிருக்கலாம்" என்றாள்.

"ஆமாம்மா."

"சொன்னது நல்லதா சொல்லாம இருந்தா நல்லதான்னு எனக்குத் தெரியல. ரெண்டு தரம் கேட்டேன் தாயி, போடவான்னு. மூணாந்தரம் கேக்காமப் போட்டிருந்தா ஓடியிருக்கும்கிற. அப்படித்தானே?"

உமா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். ஓடியிருக்கும்.

"ராமலெட்சுமிகிட்ட நீ சொல்ல வேணாம். நான் சொல்லிக்கிறேன். சொல்றப்பச் சொல்லிக்கிறேன்." செம்பை நீட்டினாள். "குடி."

உமா குடித்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஏர்வாடி நினைவுக்கு வந்தது.

ஏர்வாடிக்குத் தெற்கே கடற்கரைத் தென்னந்தோப்பில் காவல் இருக்கும் சதக்கத்துல்லா. அவர் மனைவி சஃபாவுக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து நுரையீரல் சரியில்லை. அந்த வீட்டுக்கும் இதே மாதிரி மிஷின், இதே மாதிரி கணக்கு. இதே பேச்சை இதே மாதிரி அங்கேயும் பேசிவிட்டு வந்திருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சிக்னலுக்காக வேலிப் படல் வரை நடக்க வேண்டியிருந்தது.

"சொல்லுங்க தங்கச்சி" என்றார் சதக்கத்துல்லா.

"அண்ணே, நவம்பர் மழைல நம்பர் எவ்வளவு வரைக்கும் இறங்குச்சு?"

"ஐம்பதுக்குக் கீழ விடலம்மா. நீங்கதான் சொல்லியிருக்கீகள்ல. ஐம்பத்தி ரெண்டு வந்ததும் அமத்திருவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு மணி நேரம் போடுவோம். அப்படியே ஓட்டிட்டோம்."

"அக்காவுக்கு எப்படி இருந்துச்சு?"

"நகமெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. துஆ கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், வெயில் வந்திருச்சு."

உமா வேலிப் படலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நல்லாக் கேளுங்க. இனிமே அமத்தக் கூடாது. ஐம்பதுக்குக் கீழ போனாலும் ஓடட்டும். இருபது வரைக்கும் ஓடும். மிஷின எக்காரணம் கொண்டும் அமத்தாதீங்க. டி.வி., ஃபேனு, எல்லாத்தையும் அமத்துங்க. மிஷின அமத்தாதீங்க."

"பேட்டரி கெட்டுப்போகும்னு நீங்கதானே…"

"கெட்டுப் போகட்டும்ணே."

பிறகு அவர், "இதை முன்னாலயே சொல்லியிருந்தா அன்னிக்கு அவ அந்தப் பாடு பட்டிருக்க வேணாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நினைத்ததைச் சொன்னார்.

"ஆமாண்ணே. சொல்லியிருக்கணும்" என்றாள் உமா.

கீழக்கரைப் பக்கம் மிஷின் ஓடுகிற இன்னொரு வீடு இருந்தது. அவர்களுக்கு இப்போது கரண்டு லைன் வந்துவிட்டதாம். அங்கேயும் பேசிவிட்டு அவள் திரும்பி வந்தபோது ஸுஹைர் வண்டியோடு வந்திருந்தார். பேட்டரிகளை ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "யா அல்லாஹ்" என்று வண்டியின் பலகையில் உட்கார்ந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஷின் இருக்கிற வீட்டுல மட்டும் சொல்லு உமா. எல்லா வீட்டுலயும் சொன்னா பேட்டரி நிக்காது" என்றார்.

"எல்லா வீட்டுலயும் சொல்லப்போறேன் பாய்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வண்டியைக் கிளப்பப் போனார்.

அப்புறம் வருஷம் ஒன்று சுற்றி வந்தது. உமா போகிற வீடுகளில் இரண்டு எண்களைச் சொன்னாள்: இது தினமும் நிற்க வேண்டிய இடம், இது உயிர் போகிற நேரத்துக்கு. சிலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஸுஹைர் சொன்னது போலவே மூன்று வீட்டில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிட்டது. அவள் ஏச்சு வாங்கினாள். இருளம்மாளிடமிருந்து போன் எதுவும் வரவில்லை. உமாவும் செய்யவில்லை. பரமக்குடியிலிருந்து மகள் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள் என்று மட்டும் தெரிந்தது. அவளிடம் இருளம்மாள் சொன்னாளா என்று தெரியாது.

அடுத்த நவம்பரில் கடலில் தாழ்வு நிலை வந்து பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். நாலு நாள் வானம் மூடிக் கிடந்தது. உமா காலையும் மாலையும் ஏர்வாடித் தோப்பு வீட்டுக்குப் போன் செய்தாள். மூன்றாம் நாள் சதக்கத்துல்லாவின் குரல் மாறியிருந்தது.

"நாப்பத்தி நாலு தங்கச்சி."

"ஓடட்டும்ணே."

மாலையில் முப்பத்தேழு. மறுநாள் காலை இருபத்தொன்பது. அன்று போனை சஃபாவே எடுத்தாள். அவள் பேச்சுக்குப் பின்னால் மிஷின் மூச்சு விடுகிற சத்தம் சீராகக் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு உமா. அமத்திருவோமா?"

"வேணாங்க்கா. இன்னைக்குப் பூரா ஓடும். நான் கணக்குப் பாத்துட்டேன்."

"உன் கணக்குச் சரியா இருக்குமா?"

உமா நோட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். "கணக்குச் சரிதாங்க்கா" என்றாள்.

இருபத்து மூன்றில் வெயில் வந்தது. சதக்கத்துல்லா அதைச் சொல்லப் போன் செய்தபோது உமா கடையில் வயர் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பத்து மீட்டர் வெட்ட வேண்டியதைப் பதினைந்து மீட்டர் வெட்டிவிட்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தை மாதம் தோப்பு வீட்டில் பேட்டரி முன்போல் நிற்கவில்லை என்று சதக்கத்துல்லா சொன்னார். உமா போய் ஒவ்வொரு பேட்டரியின் மூடியாகத் திறந்து அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தாள். இரண்டு செத்துப் போயிருந்தன. சஃபா மூக்கில் குழாயோடு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மீன்காரரிடம் நெத்திலிக்குப் பேரம் பேசி, அவர் கொடுத்தது போதாது என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பேட்டரிக் கம்பெனிக்கு வாரண்டிக்காக அனுப்பும் படிவத்தில் பேட்டரி பழுதான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் உமா எழுதினாள்: நான் சொல்லித்தான் ஐம்பதுக்குக் கீழே இறக்கினார்கள்.

ஸுஹைர் அதை வாசித்தார். "இப்படி எழுதினா கம்பெனி மாத்தித் தராது உமா."

"தெரியும் பாய்."

அவர் படிவத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். உமா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அக்காள்மடத்துக்குக் கிளம்பினாள். அங்கே சவுக்குத் தோப்புக்குள் புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். அதற்கு லோடு எடுக்க வேண்டியிருந்தது.